தண்ணி பாட்டிலை தின்னும் பாக்டீரியா! கேரி பேக்கை மட்டும் தொடாது

உப்பில் பிளாஸ்டிக், மீனில் பிளாஸ்டிக் என்று கேள்விப்பட்டது போய், இப்போது மனுஷன் ரத்தத்திலேயே பிளாஸ்டிக் துகள் வந்துவிட்டது.

நெதர்லாந்து நாட்டில் 22 பேரின் ரத்தத்தை விஞ்ஞானிகள் சோதித்தனர். அதில் 17 பேர் ரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் இருந்தது 2022-ல் தெரிய வந்தது. தூத்துக்குடி உப்பில் இந்த துகள் இருப்பதும் 2020-ல் வெளியான ஆய்வில் உறுதியானது.

5 மில்லி மீட்டருக்கும் சிறிய துகள்தான் மைக்ரோ பிளாஸ்டிக். நாம் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து, அலையில் அடிபட்டு பொடிப்பொடியாகிறது. காய்கறித்தோல் மாதிரி மக்கிப் போவதில்லை.

ரத்தத்தில் அதிகம் பேரிடம் சிக்கியது 'பெட்' என்ற ரகம். தண்ணி பாட்டில் செய்வது இதில்தான். பாலியஸ்டர் சேலை, சட்டையும் இதே பெட்தான். துவைக்கும்போது அதன் நூல் துகள்கள் சாக்கடை வழியாக ஆறு, கடலுக்கு போகின்றன.

ஜப்பானில் சிக்கிய கிருமி

இந்த பெட்டை தின்னும் பாக்டீரியாவை ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2016-ல் வெளியிட்டனர். சகாய் நகரில் பழைய பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் இடத்தில் கிடைத்ததால், 'இடியோனெல்லா சகாயென்சிஸ்' என்று ஊர் பெயரையே வைத்துவிட்டனர்.

இது பிளாஸ்டிக் மேல் ஒட்டிக்கொண்டு 'என்சைம்' என்ற புரதத்தை சுரக்கிறது. நம் வயிற்றில் சோறு செரிக்கிற மாதிரிதான். முதல் என்சைம் பிளாஸ்டிக்கை துண்டாக்கும். 2-வது என்சைம், அதை பெட் தயாரிக்கும் அதே 2 மூலப்பொருட்களாக பிரித்துவிடும். அதுதான் பாக்டீரியாவுக்கு சாப்பாடு. 30 டிகிரி வெப்பத்தில் மெல்லிய பெட் தாளை தின்று தீர்க்க 6 வாரம் ஆனது.

இலைக்குப்பையில் கிடைத்த இன்னொரு என்சைமை பிரான்ஸ் விஞ்ஞானிகள் மாற்றி அமைத்தனர். 2020-ல் வெளியான அந்த ஆய்வில், 72 டிகிரி சூட்டில் 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட் பிரிந்துவிட்டது. அதில் கிடைத்த மூலப்பொருளை வைத்து புது பாட்டிலே செய்து காட்டினார்கள்.

கடலில் கொட்டலாமா?

அப்படின்னா இந்த கிருமியை கடலில் கொட்டினால் போதுமே என்று தோன்றும். அது நடக்காது. கடல் தண்ணீரில் 72 டிகிரி சூடு கிடையாது. துகள்களும் ஒரே இடத்தில் இல்லாமல் பரந்து கிடக்கின்றன. தொழிற்சாலை தொட்டியில் போட்டு, சூடு பார்த்து, கிளறிவிட்டால்தான் என்சைம் வேகமாக வேலை செய்யும்.

இன்னொரு சிக்கல், கேரி பேக். அது பாலிதீன். பெட்டில் இருக்கிற, என்சைம் வெட்டக்கூடிய இணைப்பு பாலிதீனில் இல்லை. அதனால் இந்த பாக்டீரியா அதை திரும்பிக்கூட பார்க்காது.

ஆக, கிருமி உதவ வேண்டுமென்றால் பாட்டில் உடைந்து துகளாவதற்கு முன்பே அதன் தொட்டிக்கு போய்ச்சேர வேண்டும். காயலான் கடைக்கு போகும் பாட்டிலுக்கு மறுபிறவி உண்டு. கால்வாயில் வீசிய பாட்டில் துகளாகி உப்பிலும் மீனிலும் நம்மிடமே திரும்பி வரும்.

கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. அதை ஒழிக்க இந்த பாக்டீரியா வராது. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கடைக்கு போக வேண்டியது நாம்தான்.