மாதிரி வலையும் உண்மை வலையும்

கரியாஹாட் நாற்சந்தியை ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் கடக்கும் என்று ஒருவர் கணக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். வருடச் சராசரியை எடுத்து, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் சம்பந்தமில்லை என்று கொண்டால் கணக்கு அழகாக வந்துவிடும். ஆனால் பூஜைக்கு முந்தைய ஞாயிறு மாலையில் ஜவுளி வாங்கப் போய், கோல்பார்க் வரை நீண்ட வரிசையில் அகப்பட்டவர்களுக்கு அந்தச் சராசரியின் லட்சணம் தெரியும்!

கணிப்பொறி வலையமைப்பிலும் இதே கதைதான். புதிய வலையை அமைக்குமுன் அதைக் கணிப்பொறிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பதை சிமுலேஷன் என்கிறார்கள். என்.எஸ்-2, என்.எஸ்-3 போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் பலரும் இவற்றில் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். அந்த விடை உண்மை வலையோடு எவ்வளவு ஒத்துப்போகும்?

முதல் அதிர்ச்சி 1993-இல் வந்தது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் 1989 முதல் 1992 வரை உண்மையான ஈதர்நெட் வலையில் ஓடிய செய்திகளை அளந்தார்கள். பல நிமிடங்களைச் சேர்த்துப் பார்த்தால் கூட்டநெரிசல் சமனாகிவிடும் என்றது, தொலைபேசிக் காலத்துக் கணக்கு. அளந்ததிலோ, நொடிக் கணக்கில் பார்த்தாலும் மணிக் கணக்கில் பார்த்தாலும் செய்திகள் கும்பல் கும்பலாகவே வந்தன. பழைய கணக்கை நம்பியவர்கள் நெரிசலைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள்.

அடுத்த பாடம் நம் தேனியில் கிடைத்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. சுற்றுவட்டாரத்துச் சிறிய கண் பரிசோதனை மையங்களிலிருந்தே நோயாளியைத் தேனி டாக்டர் திரையில் பார்த்துப் பேச வேண்டும். இதற்காகக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளையே உயரமான கோபுரங்களில் ஏற்றினார்கள். ஆண்டிப்பட்டி இணைப்பு சுமார் 15 கிலோமீட்டர்.

பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்ததுபோல, வைஃபையில் ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை திரும்ப வேண்டும். 15 கிலோமீட்டர் போய்வர ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். வீட்டுக்குள் பயன்படச் செய்த கருவி அவ்வளவு நேரம் காத்திருக்காது. செய்தி தொலைந்தது என்று எண்ணி மறுபடி அனுப்பும். ஆய்வுக்கூடத்தில், நெடுந்தூரத்தைப் போலச் செய்து காட்டும் கருவியிலேயே இந்தக் குறை தெரிந்துவிட்டது. இரு முனைகளும் முறைவைத்துப் பேசவும், ஒப்புகைகளை மொத்தமாக அனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது என்று 2007-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் கூடத்தில் தெரியாதது வெளியில் காத்திருந்தது. உண்மை இணைப்புகளை அளந்தபோது, நகரங்களில் செய்திகள் தொலைய முக்கியக் காரணம் அக்கம்பக்கத்து வைஃபை என்று தெரிந்தது. கிராமத்து இணைப்புகளிலோ இழப்பு மிகக் குறைவு. அங்கே பெரிய தலைவலி மின்சாரம்! மின்னழுத்தம் திடீரென்று ஏறிக் கருவிகள் பழுதாயின. கரண்ட் போய்ப் போய் வந்ததில் நினைவு அட்டைகள் கெட்டன. இதையும் அவர்களே 2008-இல் எழுதினார்கள். எந்த சிமுலேஷனிலும் கரண்ட் போவதில்லையே!

அதற்காக சிமுலேஷன் வீண் என்று சொல்ல முடியாது. இரண்டு முறைகளில் எது மேல் என்று ஒப்பிட அது நல்ல துணை. ஒப்புகைக் கோளாறு போன்ற விதி சார்ந்த குறைகளை அது காட்டிவிடும். நாம் உள்ளே போடாத அண்டை வீட்டு வைஃபையையும் மின்வெட்டையும் அது காட்டாது.

ஆகவே ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நூறு கணுக்கள் கொண்ட மாதிரி வலையை ஓட்டுங்கள். கூடவே, வீட்டு மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் இடையே ஒரே ஓர் உண்மை இணைப்பை ஒரு வாரம் அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு இங்கே பிழைக்க வந்திருக்கும் நமக்கு, அந்த முனையில் ஒரு தாயாரின் கண்ணை டாக்டர் பார்க்க முடிகிறதா என்பதுதானே கடைசியில் முக்கியம்!