முனகும் பெட்டியும் மறைந்த ஒலியும்

வீட்டிலே குழந்தை அழுதால் தாயானவள் உடனே வைத்தியரிடம் ஓடுவதில்லை. பசியோ, எறும்புக் கடியோ, தூக்கமோ என்று முதலில் காது கொடுத்துக் கேட்கிறாள். கிதாருக்குரிய வால்வு ஆம்ப்ளிபயரும் அத்தகையதே. அதன் முனகலுக்கும் படபடப்புக்கும் பொருள் உண்டு. அப்பொருளை அறியாது பழுது பார்க்கப் புகுந்தால் பணம் விரயமாகும். உயிருக்கும் ஆபத்து நேரும். இதனை நாங்கள் அனுபவத்தில் கற்றோம்.

பெங்களூர்வாசிகளாகிய நமக்கு வால்வு அந்நியப் பொருளன்று. 1954இல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஜாலஹள்ளியில் 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர் டிரான்ஸிஸ்டர் பரவவே, வானொலிப் பெட்டியிலிருந்து வால்வு விடைபெற்றது. ஆயினும் கிதார் வாசிப்போர் அதனைக் கைவிட்டாரில்லை. அதன் குழைந்த நாதமே காரணம்.

எங்கள் தமையன் மகன் மெல்லிசைக் குழுவொன்றில் கிதார் வாசிப்பவன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கினான். பொங்கல் விழா ஒத்திகையில் அது 'உம்' என்று முனகிற்று. நடுநடுவே ஒலியும் மறைந்தது. பழுது பார்ப்பவர் ஒருவர் பிளக்கிலிருந்த எர்த் கம்பியைத் துண்டித்துக் கொடுத்தார். முனகல் நின்றது, பிள்ளையும் மகிழ்ந்தான். ஆனால், கிதாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று மின்சாரம் தாக்கிற்று.

எங்கள் தெருவில் வால்வுத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிளக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. "தம்பி, முனகலோடு உன் காவலையும் அல்லவா அறுத்துவிட்டார்கள்!" என்றார்.

பெட்டிக்குள் மின்கசிவு உண்டானால் அதனைத் தான் ஏற்றுப் பியூஸை எரியச் செய்வது எர்த் கம்பியே. அஃதில்லையேல் தந்தியைத் தொடும் மனித உடலே வழியாகிவிடும். 1972இல் பிரிட்டனிலுள்ள சுவான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிதார் கலைஞர், சரியான எர்த் இணைப்பில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார்.

பெரியவர் முதலில் எர்த் கம்பியை மீண்டும் பொருத்தினார். பிறகு பெட்டியைத் திறவாமலே சோதிக்கும் முறையைக் கற்பித்தார். ரயில்வே உத்தியோகத்திலுள்ள எங்களுக்கு அது எளிதில் விளங்கிற்று. வண்டி வந்து சேரவில்லையென்றால், கடைசியாக எந்த ஸ்டேஷனைக் கடந்தது என்றுதானே விசாரிக்கிறோம்? ஒலியையும் அவ்வாறே தேடவேண்டும்.

முதலில் ஒலியளவுக் குமிழைச் சுழிக்குத் திருப்புக. முனகல் நின்றால் குற்றம் அதற்கு முன்னே இருக்கிறது; கிதார், கேபிள், முதல் வால்வு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். நிற்காவிடில் மின்வழங்கும் பகுதியிலோ கடைசி வால்வுகளிலோ இருக்கலாம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதே சுருதியில் முனகினால் எர்த் இணைப்பு, கேபிள் முதலியவற்றைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, அஃதாவது 100 முறை அலையும் முனகலாயின், பெரும்பாலும் பழைய கண்டென்சர் உலர்ந்துபோயிருக்கும்.

குமிழைத் திருப்புகையில் கரகரவென்றால் உள்ளே தூசி. பெட்டியின் பின்புறம் தெரியும் சிறு வால்வை மரப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது மணிபோல் ஒலித்தால் அவ்வால்வு தளர்ந்தது. அது ஆறிய பின்னர் அதே எண்ணுடைய வேறொன்றை மாற்றலாம். பெரிய வால்வின் உள்தகடு செந்தணலாய்ச் சிவந்தால் ஆராய்ச்சி வேண்டாம், உடனே நிறுத்திவிடுக.

ஒலி மறைந்தாலோ, முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கவேண்டும். 'செண்ட்', 'ரிட்டர்ன்' என்னும் துளைகள் இருப்பின் இரண்டையும் சிறு கேபிளால் இணைக்கவேண்டும். எங்கள் பெட்டியில் அவ்வாறு செய்ததும் ஒலி கணீரென்று திரும்பிற்று! 'ரிட்டர்ன்' துளையின் உள்தொடுமுனையில் களிம்பேறியிருந்ததே குற்றம். முனகலுக்குக் காரணம், ஆம்ப்ளிபயரும் மைக்கின் மிக்ஸரும் வெவ்வேறு மூலையிலுள்ள பிளக்குகளில் செருகப்பட்டிருந்ததாம். இரண்டையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகினோம், முனகல் அடங்கிற்று. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய துப்புரவுத் தெளிப்பான் ஒன்றே எங்கள் செலவு.

பெரியவர் இரண்டு எச்சரிக்கைகளும் விடுத்தார். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை இயக்கலாகாது, டிரான்ஸ்பார்மர் கருகிவிடக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்களில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஆதலின் மூடியைத் திறக்கும் வேலை தேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது.

பொங்கல் விழாவில் பிள்ளை வாசித்தான். முன்வரிசையிலிருந்த பெரியவர் கண்மூடிக் கேட்டுத் தலையசைத்தார். எங்களுக்கோ இசையைக் காட்டிலும், அவன் மைக்கருகே அச்சமின்றி நின்றதே பெருமகிழ்ச்சி தந்தது.

உங்கள் இல்லத்திலும் இசைபயிலும் இளைஞர் இருப்பின், இன்றே அவர்தம் ஆம்ப்ளிபயரின் பிளக்கை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்றாவது முள் இருக்கிறதா? இருந்தால், அதிலே கம்பி பொருந்தியிருக்கிறதா?