முன்னோடி – சொல்லும் பொருளும்

ஒரு துறையில் முதன்முதலாக இறங்கிப் புகழ் பெற்றவரை ‘முன்னோடி’ என்று போற்றுவது இக்கால வழக்கு. முன்னோர், முன்னோடி என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் எழுதுவோரும் உளர். இரண்டும் ‘முன்’ என்னும் சொல்லடியாகப் பிறந்தவையே; ஆயினும் பொருளால் வேறுபட்டவை.

முன்னோர் என்பது காலத்தால் முற்பட்டவரைக் குறிக்கும். பாட்டனும் பூட்டனும் நமக்கு முன்னோர். முன்னோடி என்பதோ முன் + ஓடு + இ எனப் பிரியும். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வர இரட்டித்தது. ‘ஓடு’ என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு ‘இ’ விகுதி சேர்ந்தது. வழிகாட்டி, படகோட்டி என்பவற்றிற்போல, இவ்விகுதி செயலைச் செய்பவரை உணர்த்துகிறது. ஆகவே, முன்னே ஓடுபவர் முன்னோடி.

யாருக்கு முன்னே என்னும் வினாவில்தான் இச்சொல்லின் உயிர் இருக்கிறது. பின்னே ஒருவர் வந்தாலன்றி முன்னோடி இல்லை. பெரியோர் வரும்போது முன்னே விரைந்து சென்று, வழி விலக்கி, வரவை அறிவிப்பது அவர் பணி. தெருக்கூத்தில் கட்டியக்காரன் முதலில் தோன்றி அரசன் வருகையை அறிவிப்பதும் இவ்வகையினதே. ஊர்க்காவல் தெய்வங்களுள் முன்னோடிக் கருப்பர் என்னும் பெயர் வழங்குவதும் கருதத்தக்கது.

திருவிழாக் காலங்களில் திருக்கோயில் வீதிகளிலும் இம்முறையைக் காணலாம். சிவாலயங்களில் பஞ்சமூர்த்திகள் எழுந்தருளும்போது விநாயகப் பெருமான் முன்னே செல்வார். திருமால் கோயில்களில் திவ்வியப் பிரபந்தம் ஓதும் கோஷ்டியார் பெருமாளுக்கு முன்னும், வேதம் ஓதுவோர் பின்னும் செல்வர். தமிழே அங்கு முன்னோடி.

முன்னோடியின் கடமை எத்துணைப் பெரிது என்பதை இராமகாதை காட்டும். பதினான்கு ஆண்டுகள் நிறைந்தும் இராமன் வரக் காணாத பரதன், தீப்புகத் துணிந்தான். பரத்துவாச முனிவரின் ஆசிரமத்தில் தங்கிய இராமன், அனுமனை முன்னே அனுப்பினான். அனுமன் ஒரு நாழிகை தாழ்ந்திருப்பின், இராமன் கண்டிருப்பது தம்பியின் சாம்பலையே. விரைந்து வந்த அனுமன் அத்தீயைத் தன் கையாலேயே அவித்தான் என்பது கம்பர் காட்டும் காட்சி. இராமன் வந்துவிட்டான் என்னும் செய்தி பரதனின் உயிரைக் காத்தது.

இலங்கையை எரித்த வீரன், இங்கே செய்தி சொல்லும் ஏவலனாக ஓடி வந்தான். அதனால் அவன் பெருமை குறையவில்லை, வளர்ந்தது. முன்னே செல்வதால் மட்டும் ஒருவர் தலைவராகிவிடுவதில்லை. பின்வருவோருக்கு வழி செய்பவரே முன்னோடி. இல்லத்தில் மூத்தோரும் பள்ளியில் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு முன்னே நடப்பது, அவர்கள் இடறாமல் வருவதற்கேயாம்.

அடுத்த திருவிழாவில் சுவாமி புறப்பாட்டைச் சேவிக்கும் அன்பர்கள், முன்னே செல்வோரையும் ஒரு கணம் கண்டு வணங்குவார்களாக.