கேசட் பாடல்களை கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறீர்களா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் பொம்மையார்பாளையம். அங்கே நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒரே ஒரு படத்தின் பாடல்களை முதலில் இருந்து கடைசி வரை கேட்போம். பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. முடிந்த பிறகு சண்டை போடலாம்.

ஒரு முறை இளையராஜாவின் ‘ப்ரியா’ (1978) என்று முடிவானது. தமிழ்ப் படப் பாடல்கள் ஸ்டீரியோவில் வரத் தொடங்கிய காலத்துப் படம். எங்களில் மூத்தவர், மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர், பல வருடங்களாக வைத்திருந்த கேசட்டை என்னிடம் கொடுத்தார். “நீ கம்ப்யூட்டர்காரன் தம்பி. உப்புக்காத்து தின்னுடறதுக்குள்ள ஏத்திக் கொடுத்துடு.”

இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஜாக்கில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையை என் பழைய லேப்டாப்பின் மைக் ஜாக்கில் செருகினேன். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் பதிவு செய்தேன்.

ஞாயிறன்று முதல் பாட்டு முடிந்ததும் பெரியவர் சொன்னார்: “எல்லாம் நடுவுலயே நிக்குதே தம்பி. ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கேக்குமே?” ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பைலைத் திறந்தால், மேலும் கீழும் இருந்த இரண்டு அலைகளும் அச்சு அசலாக ஒன்றே!

காரணம் எளிது. பெரும்பாலான லேப்டாப்களின் மைக் ஜாக், பேசுவதற்காக வைத்தது. அது மோனோ, ஒரு சேனலைத்தான் வாங்கும். சாப்ட்வேரில் ‘ஸ்டீரியோ’ என்று தேர்ந்தெடுத்தாலும் அதே ஒலியை இரண்டாகப் பிரதி எடுக்கும், அவ்வளவுதான். பதிவாகாமல் போனதை எந்த சாப்ட்வேரும் பிறகு கொண்டு வராது.

உங்களிடம் டெஸ்க்டாப் இருந்தால் பின்பக்கம் நீல நிறத்தில் லைன்-இன் ஜாக் இருக்கும். அது ஸ்டீரியோ. லேப்டாப் என்றால் ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். வெறும் மைக் ஜாக் உள்ளதையும் கடையில் நீட்டுவார்கள், ஏமாறாதீர்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்து, ஒலி அளவு எங்கும் உச்சக்கோட்டைத் தொடாமல் பாருங்கள். வேவ் பைலாக வைத்தால் நிமிடத்துக்கு சுமார் 10 எம்பி. 60 நிமிட கேசட்டுக்கு 600 எம்பி. பிளாக் ஆக மாற்றினால் தரம் குறையாமல் ஏறக்குறைய பாதியாகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 1 எம்பிதான், ஆனால் அதில் வெட்டியது வெட்டியதுதான். போனில் கேட்க அது போதும்.

யுஎஸ்பி கார்டு வாங்கி மறுபடியும் உட்கார்ந்தேன். முதல் பக்கம் அருமையாக வந்தது. டேப் ரெக்கார்டரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் முதலில் துடைத்திருக்க வேண்டும், நான் துடைக்கவில்லை. இரண்டாம் பக்கம் முடியப் போகும் நேரத்தில் நாடா உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்தது. ஒட்டிப் பார்த்தோம். கசங்கிய இடம் கசங்கியதுதான்.

அந்தக் கேசட்டின் கடைசிப் பாட்டு இன்று என் பழைய மோனோ பைலில் மட்டும்தான் முழுசாக இருக்கிறது. வேறு பிரதி தேடித் தருகிறேன் என்றேன். பெரியவர் தலையாட்டினார். ஆனால் அந்த மோனோ பைலை அழிக்க மட்டும் விடவில்லை.