பரண்ல தூங்கின வெட்டுக்கிளி!

செமஸ்டர் லீவுல வடகவுஞ்சி மாமா வீட்டுக்குப் போனா, பரண்ல ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே டாமியா கிராஸ்ஹாப்பர்! 1984-ல ஜப்பான்ல இருந்து வந்த ரிமோட் பக்கி. ''பழைய இரும்புக்குப் போட்டுடவா?''ன்னார் மாமா. ''ரெண்டு நாள் டைம் குடுங்க மாமா!''ன்னு கெஞ்சி வாங்கிட்டேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒண்ணு கிடைச்சா, உடனே ஸ்விட்சைத் தட்டாதீங்க பாஸ். முதல்ல பேட்டரி. கசிஞ்ச நிக்கல்-காட்மியம் செல் விஷம், கையுறை கட்டாயம். வெள்ளையா பூத்திருக்கிற காரத்தை வினிகர் தொட்ட பட்ஸால துடைச்சு, நல்லா காய விடுங்க.

அடுத்து ஸ்பீடு கன்ட்ரோல். சர்வோ தள்ள, செம்புத் தகடு உரசி வேகம் மாறும். மெதுவா ஓட்டினா மிச்ச பவர் ரெசிஸ்டர்ல சூடாப் போகும். மலை ஈரத்துல தகடு பச்சை பிடிச்சிருந்தது. நைஸ் உப்புத்தாள் போதும்.

புது பேட்டரியா 7.2 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு போடுங்க. லிப்போ வேண்டாம். வோல்டேஜ் இறங்கினா நிறுத்துற கட்-ஆஃப் இந்த பழசுல கிடையாது.

எல்லாம் முடிச்சும் வண்டி அசையலை! காரணம், 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களை மாத்திச் சொருகியிருந்தேன். ரிசீவர் கிரிஸ்டல் 455 கிலோஹெர்ட்ஸ் கம்மியா இருக்கணும். சூப்பர்ஹெட்டரோடைன்... வைவாவுல முழிச்ச அதே கேள்வி!

டயர் உடைஞ்சிருந்தாலும் கவலை வேண்டாம். 2005-ல டாமியா இதை மறுபடி வெளியிட்டதால பார்ட்ஸ் தேடலாம்.

காபி களத்துல வெட்டுக்கிளி துள்ளி ஓடுச்சு. மாமா ரிமோட்டை வாங்கினார். லீவு முடிஞ்சு கிளம்புற வரைக்கும் திருப்பித் தரலை!