ரத்தத்தில் ஓர் எண்: நீதிமன்றத்தில் அதன் எடை என்ன?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. தேக்கா லேனிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டிற்குத் திரும்பிய தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி, 33 வயது இந்தியக் கட்டுமான ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அந்த விபத்தைத் தொடர்ந்து மூண்டதுதான் லிட்டில் இந்தியா கலவரம். அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாம்.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 பிப்ரவரியில் சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கியபோது, ஓர் எண் பலமுறை பேசப்பட்டது. அந்த எண் 217. இறந்தவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 217 மில்லிகிராம் மதுச்சத்து இருந்தது. வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் 80 மில்லிகிராம் வரம்பைப் போல் அது ஏறக்குறைய மூன்று மடங்கு என்று செய்திகள் கூறின.

ஆனால், அவர் வாகனம் ஓட்டவில்லை, நடந்துதான் சென்றார். நடப்பவருக்கு அப்படியொரு வரம்பு சட்டத்தில் இல்லை. அவர் ஏன் தடுமாறி விழுந்திருக்கக்கூடும் என்பதை விளக்க அந்த எண் உதவியது. என்ன நடந்தது என்பதை முடிவுசெய்யக் காணொளிப் பதிவுகளும் சாட்சிகளும் தேவைப்பட்டன. அவை அனைத்தையும் ஆராய்ந்த பின்னரே, பேருந்து ஓட்டுநரின் தவறால் நேர்ந்த விபத்தன்று என்ற முடிவுக்குக் குழு வந்தது.

மதுபோதையில் வாகனம் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்படும் ஒருவரின் வழக்கில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் அந்த எண்தான் வழக்கு. 79 என்றால் வரம்புக்குள், 81 என்றால் குற்றம். அதனால்தான் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் உரிமை முக்கியமாகிறது.

சட்டம் சொல்வது என்ன?

சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம் அல்லது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுச்சத்து என்பதே வரம்பு. மலேசியா 2020ல் ரத்த வரம்பை 80லிருந்து 50ஆகக் குறைத்தது. இந்தியாவில் அது 30.

2019 நவம்பரில் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, முதன்முறை குற்றம் புரிவோருக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். குறைந்தது ஈராண்டுகளுக்கு ஓட்டுநர் உரிமமும் பறிபோகும். விநியோக வாகனமோ டாக்சியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வருமானமே நின்றுபோவதற்குச் சமம். மறுபக்கம், மதுபோதை ஓட்டுநரால் உறவை இழந்த குடும்பத்திற்கு எந்தத் தண்டனையும் ஈடாகாது. இரு தரப்பிற்கும் தேவைப்படுவது நம்பத்தகுந்த எண்.

சாலையில் செய்யப்படும் முதற்கட்ட மூச்சுப் பரிசோதனை பிடிபட்டவரைக் கைது செய்வதற்கு மட்டுமே அடிப்படை. நீதிமன்றத்திற்குச் செல்லும் சான்று, பிறகு காவல்துறையின் துல்லியமான கருவியிலோ மருத்துவமனையில் எடுக்கப்படும் ரத்தத்திலோ கிடைக்கிறது. விபத்தில் காயமடைந்து மருத்துவமனையில் இருப்பவரிடம் ரத்தமே பெரும்பாலும் பெறப்படும். அதைப் பகுப்பாய்வு செய்வது சுகாதார அறிவியல் ஆணையம். தகுந்த காரணமின்றி மாதிரி தர மறுப்பதும் குற்றமே. அதற்கும் அதே அளவு தண்டனை உண்டு.

ஒரு குழாயில் 90, மறு குழாயில் 78

வழக்கறிஞர் ஒருவர் ரத்தப் பரிசோதனை முடிவை எதிர்கொள்ளும்போது என்னென்ன கேட்பார்? வேதியியல் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கேள்விகள் அந்நியமாக இருக்கமாட்டா.

முதல் கேள்வி, சோதிக்கப்பட்டது முழு ரத்தமா, அணுக்கள் நீக்கப்பட்ட சீரமா? மதுச்சத்து நீரில் கரைவது. சீரத்தில் நீரின் பங்கு அதிகம் என்பதால் அதில் மதுச்சத்தின் அளவு, முழு ரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 12 முதல் 18 விழுக்காடு கூடுதலாக இருக்கும். மருத்துவமனைகள் சிகிச்சைக்காகப் பெரும்பாலும் சீரத்தையே சோதிக்கின்றன. சட்டத்தின் வரம்போ ரத்தத்திற்கானது. சீரத்தில் 90 என்று வந்தால், 1.15ஆல் வகுத்துப் பாருங்கள். முழு ரத்தத்தில் அது சுமார் 78. ஒரே மனிதர், ஒரே நேரம், ஆனால் வரம்பின் இருபுறமும் இரண்டு எண்கள்.

இரண்டாவது, குழாயில் என்ன இருந்தது? மாதிரியில் கிருமிகள் பெருகினால் அவை சர்க்கரையை நொதிக்கச் செய்து மதுச்சத்தை உண்டாக்கலாம். இருக்கும் மதுச்சத்தைக் குறைக்கவும் செய்யலாம். அதைத் தடுக்கவே சோடியம் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. ஊசி போடும் முன் தோலைத் துடைக்க மதுச்சத்து கலந்த பஞ்சைப் பயன்படுத்தாமல் இருப்பதும் நல்ல நடைமுறை.

மூன்றாவது, அந்தக் குழாய் யார் யார் கைகளைக் கடந்தது? மருத்துவர், காவல்துறை அதிகாரி, ஆய்வுக்கூட அலுவலர் என ஒவ்வொரு கைமாற்றமும் முத்திரையோடும் நேரத்தோடும் பதிவாகியிருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டால், சோதிக்கப்பட்டது இவருடைய ரத்தம்தானா என்ற ஐயம் எழும்.

நான்காவது, கருவி எப்படி அளந்தது? தடயவியல் ஆய்வுக்கூடங்கள் பொதுவாக வாயு நிறப்பகுப்பு முறையைப் பயன்படுத்துகின்றன. மூடிய குழாயில் ரத்தத்தைச் சூடாக்கி, மேலெழும் ஆவியில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் முறை அது. எந்த அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும். பிரிட்டனில் 100 மில்லிகிராம் வரையிலான முடிவுகளில் 6 மில்லிகிராமைக் கழித்துவிட்டே அறிக்கை தருவது வழக்கம். பள்ளி ஆய்வகத்தில் நாம் எழுதும் ‘பிழை வரம்பு’ அங்கே ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

கடைசியாக, நேரம். உடல் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து சுமார் 10 முதல் 25 மில்லிகிராம் மதுச்சத்தை நீக்குகிறது. இரவு 10 மணிக்கு விபத்து, பின்னிரவு 1 மணிக்கு எடுத்த ரத்தத்தில் 70 என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கிக் கணக்கிட்டால் விபத்து நேரத்தில் 100ஆகவும் இருந்திருக்கலாம், 145ஆகவும் இருந்திருக்கலாம். அதுவும், குடித்தது முழுவதும் 10 மணிக்குள் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று கொண்டால்தான். இத்தகைய கணக்குகளுக்கு வித்திட்டவர் சுவீடனின் எரிக் விட்மார்க். அவரது ஆய்வு நூல் 1932ல் வெளிவந்தது.

தப்பிக்கும் வழியா?

‘குடித்துவிட்டு ஓட்டியவரைக் காப்பாற்ற வழக்கறிஞர்கள் ஓட்டை தேடுகிறார்கள்’ என்று தோன்றலாம். சிங்கப்பூர்ச் சட்டம் அதற்கு அதிக இடம் தரவில்லை. மாதிரியில் காணப்பட்ட அளவைவிடக் குறையாத மதுச்சத்து, ஓட்டிய நேரத்திலும் இருந்ததாகவே சட்டம் அனுமானிக்கிறது. ‘வண்டியை நிறுத்திய பிறகுதான் குடித்தேன்’ என்பவர், அதையும், அப்படிக் குடிக்காதிருந்தால் வரம்பைத் தாண்டியிருக்கமாட்டார் என்பதையும் தாமே நிரூபிக்க வேண்டும்.

அதேவேளையில், அதே சட்டம் ஒரு பாதுகாப்பையும் தருகிறது. ரத்தம் கொடுக்கும்போதே தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அதை அவருக்குத் தர வேண்டும். தராவிட்டால், அரசுத் தரப்பு அந்த முடிவைச் சான்றாக முன்வைக்க முடியாது. அவர் தமது பங்கை வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கலாம். இருவர் தனித்தனியே அளந்து ஒரே விடை கண்டால், அந்த விடைக்கு வலிமை கூடுகிறது.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பதற்கு பிரிட்டன் ஒரு பாடம். மான்செஸ்டரில் இயங்கிய தனியார் தடயவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் பரிசோதனைத் தரவுகள் திருத்தப்பட்டிருக்கலாம் என 2017ல் தெரியவந்தது. ஏறத்தாழ 10,000 மாதிரிகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அதிகாரிகள் அறிவித்தனர். போதைப்பொருள் உட்கொண்டு வாகனம் ஓட்டியதாகத் தொடுக்கப்பட்ட வழக்குகள் பல கைவிடப்பட்டன. சிலரது தண்டனைகள் ரத்தாயின. அங்கே பாதிக்கப்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மட்டுமல்லர். உண்மையிலேயே தவறு செய்தவர்கள்மீதான வழக்குகளும் வலுவிழந்தன.

அறிவியலும் சட்டமும் சந்திக்கும் இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு வாய்ப்புகள் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தடயவியலைத் துணைப்பாடமாகப் படிக்கலாம். வேதியியல் தெரிந்த வழக்கறிஞருக்கும், நீதிமன்றத்தில் எளிய மொழியில் விளக்கத் தெரிந்த ஆய்வாளருக்கும் என்றும் தேவை இருக்கிறது.

இங்கு 18 வயதில் வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கலாம். குடித்திருந்தால் ஓட்டக்கூடாது என்பதே அப்போது முதலில் நினைவில் நிற்க வேண்டிய பாடம். ஒரு கிளாஸ்தானே என்று மனக்கணக்குப் போடுவோருக்குத் தங்கள் உடல் மணிக்கு 10 மில்லிகிராமை நீக்குமா, 25ஐ நீக்குமா என்பது தெரியாது.

நீதிமன்றத்திற்கு அந்தப் பாடம் மட்டும் போதாது. ஒருவரின் ரத்தத்தில் கண்ட எண்ணை வைத்து அவரைத் தண்டிக்கும் முன், அது எந்தக் குழாயிலிருந்து, யார் கையால், எந்த நேரத்தில் வந்தது என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். சரியாக அளக்கப்பட்ட எண், அந்தக் கேள்விகளைத் தாங்கி நிற்கும்.