தட்டு எறியும் கையும் ஊன்றி நிற்கும் காலும்

சென்ற மழைக்காலம் முடிந்த பின்னர் மணவூரிலிருந்து முதியவர் ஒருவர் நம் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வாரம் இருமுறை வந்துகொண்டிருந்தார். பக்கவாதத்தால் அவருடைய இடப்பக்கம் வலுவிழந்திருந்தது. கையில் ஊன்றுகோலுடன் நடப்பார். ஆனால் உடலின் எடை முழுவதையும் வலக்காலிலேயே சுமந்து நிற்பார். இடக்கால் ஒரு துணைக்கோலைப் போல ஓரமாகக் கிடக்கும். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே: ஆடிக் கிருத்திகைக்கு முன்பாகத் திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளையும் தாமே ஏறிவிட வேண்டும்.

படி ஏற வேண்டுமாயின் ஒரு காலில் எடையை ஏற்றி மறுகாலைத் தூக்க வேண்டும். அதற்காக, நின்ற நிலையில் உடலை இடமும் வலமும் சாய்த்து எடையை மாற்றும் பயிற்சியை அவருக்குக் கற்பித்தோம். பத்து நாள்களில் அவருக்குச் சலித்துவிட்டது. “இது என்ன ஐயா, கடிகாரப் பெண்டுலம் போல ஆடிக்கொண்டு” என்றார். ஒரு நாள் அவருடைய பேரன் ஞெகிழித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். முதியவர் அதை வாங்கி எறிந்தார். அது இரண்டடி தொலைவில் பொத்தென விழுந்தது. எறிந்தபோது அவருடைய இடக்கால் துளியும் அசையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். அன்று முதல் அவருடைய பயிற்சியின் ஒரு பகுதி தட்டு எறிதலாயிற்று. அந்த எறிதலின் முறையை நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பறக்கும் தட்டை நம்மில் பலர் ‘ஃபிரிஸ்பீ’ என்ற பெயரால் அறிவோம். அமெரிக்கரான ஃபிரெட் மாரிசன் உருவாக்கிய தட்டு, 1957இல் அப்பெயருடன் விற்பனைக்கு வந்தது. அதனைக் கொண்டு ஆடப்படும் ஆட்டங்களுள் ஒன்று ‘டிஸ்க் கோல்ஃப்’. கோல்ஃபில் பந்தைக் குழியில் இடுவதுபோல, இதில் சங்கிலிகள் தொங்கும் கூடை ஒன்றில் தட்டை எறிந்து விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிதல்களில் முடிப்பவரே வென்றவர். எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிஃபோர்னியாவில் இதற்கென முதல் நிலையான ஆடுகளத்தை அமைத்தார். நம் பக்கத்தில் கூடை வைத்த ஆடுகளத்தைத் தேட வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையில் மாலை வேளையில் இளைஞர்கள் ‘அல்டிமேட்’ என்னும் தட்டாட்டம் ஆடுவதைச் சிலர் கண்டிருக்கலாம். அந்தத் தட்டின் எடை 175 கிராம். டிஸ்க் கோல்ஃப் தட்டு சற்றுச் சிறியது. விட்டம் ஏறத்தாழ 21 செ.மீ., விளிம்போ கூரியது, கடினமானது. மருத்துவமனையிலும் வீட்டிலும் அது வேண்டா. குழந்தைகளுக்கான மென்மையான தட்டோ, துணியைச் சுற்றித் தைத்த வளையமோ போதும்.

புறங்கை வீச்சு என்பது, தட்டை மார்புக்குக் குறுக்கே கொண்டுசென்று, புறங்கை முன்னே செல்லுமாறு எறிவது. இதைக் கை செய்யும் வேலை என்றே அனைவரும் எண்ணுகின்றனர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. துறையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் அறையும் விசை அவருடைய தோளில் பிறப்பதன்று. பாதம் நிலத்தை அழுத்துகிறது, முழங்கால் சற்று மடிந்து நிமிர்கிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னரே தோளும் முழங்கையும் மணிக்கட்டும் வருகின்றன. தட்டெறிதலிலும் விசை இதே வரிசையில் கீழிருந்து மேலே ஏற வேண்டும். வரிசை மாறிக் கை முந்திக்கொண்டால், காலும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலை முழுவதும் தோளின் சிறு தசைநாண்கள்மீதும் முழங்கையின் மீதும் விழும். இளைஞர்களுக்கே இதனால் முழங்கை வலி வருகிறது. ஏற்கெனவே தோள் இறுகியவர்களுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வலக்கையால் எறிபவருக்கு முறையைக் கூறுகிறோம். இடக்கைக்காரர் இடம் வலம் மாற்றிக்கொள்க. இலக்கை நோக்கி நேராக நிற்கலாகாது. வலத்தோள் இலக்கைப் பார்க்குமாறு பக்கவாட்டில் நில்லுங்கள். கால்கள் தோளின் அகலத்துக்கு விரிந்திருக்கட்டும். முழங்கால்கள் பூட்டிக்கொள்ளாமல் சற்றே தளர்ந்திருக்கட்டும். தட்டின் மேற்பரப்பில் கட்டைவிரலையும், விளிம்பின் அடியில் மற்ற விரல்களையும் வையுங்கள். பிடி, பறவைக் குஞ்சைப் பிடிப்பதுபோல் இருக்கட்டும் என்பார் எம் மூத்த மருத்துவர் ஒருவர். நழுவவும் கூடாது, நசுக்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் முன்கை முழுவதும் விறைத்து, மணிக்கட்டு அசைய மறுக்கும்.

இனி எடையை மெல்ல இடக்காலுக்கு, அதாவது பின்காலுக்கு, மாற்றுங்கள். தோள்கள் பின்னே திரும்ப, தட்டு மார்பின் உயரத்தில் பின்னோக்கிச் செல்லும். இங்கே ஒரு கணம் நிற்கலாம். தொடக்கத்தில் நிற்கவே வேண்டும். பின்காலின் உள்ளங்கால் முழுவதும் தரையில் பதிந்திருப்பதை நோயாளி உணர வேண்டும். அதன்பின் எடை முன்காலுக்கு வருகிறது. முன்கால் ஊன்றிய பிறகே இடுப்பு இலக்கின் பக்கம் திறக்க வேண்டும். இடுப்புக்குப் பின்னால் தோள். தோளுக்குப் பின்னால் முழங்கை. தட்டு மார்பை ஒட்டி நேர்கோட்டில் வர வேண்டும். அரிவாளைச் சுழற்றுவதுபோல் உடலைச் சுற்றிப் பெருவட்டமாக வந்தால், விடும் கணம் தவறி, தட்டு எங்கோ பக்கத்தில் நிற்பவர்மீது போய் விழும். கடைசியில் மணிக்கட்டு. ஈரத் துண்டை உதறும்போது கை நின்று துணி மட்டும் சுண்டுகிறதே, அதுதான் அசைவு. அந்தச் சுண்டலே தட்டுக்குச் சுழற்சியைத் தருகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோலச் சுழலும் தட்டும் தன் தளம் மாறாமல் காற்றில் செல்லும். சுழற்சி குறைந்த தட்டு, எவ்வளவு வலிந்து எறிந்தாலும் தள்ளாடி விழுந்துவிடும்.

தட்டின் முன்விளிம்பு மேல்நோக்கி இருந்தால் அது உயர எழும்பி, நின்று, நேராகக் கீழே விழும். புதியவர்கள் எல்லாருக்கும் நேர்வது இது. தட்டு நிறைந்த மோரை ஏந்திச் செல்வதாக எண்ணிக்கொண்டால், மட்டம் தானே வந்துவிடும். வலக்கையால் இவ்வாறு எறிந்த தட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்குவது இயல்பு. அதைப் பிழையென எண்ணித் தோளைத் திருகிச் சரிசெய்ய முயல வேண்டா. இலக்கைச் சற்று வலமாக வைத்துக்கொண்டால் போதும்.

எறிந்த பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் முழங்கால் தப்புவதும் கெடுவதும் இருக்கிறது. உடல் திரும்பும்போது முன்கால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், திருகும் விசை முழுவதும் முழங்காலில் இறங்கும். ஆட்டக்காரர்கள் குதிகாலில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை உடலோடு சேர்த்துத் திரும்ப விடுவார்கள். நம் நோயாளிகளுக்கு இதைவிட எளிய வழி உண்டு: எறிந்தவுடன் பின்காலை ஓர் அடி முன்னே எடுத்துவைத்து, இலக்கை நோக்கித் திரும்பி நின்றுவிடுவது. முழங்கால் மூட்டோ இடுப்பு மூட்டோ மாற்றப்பட்டவர்கள், மருத்துவர் அனுமதித்த பின்னரும் இவ்வாறே செய்ய வேண்டும். ஊன்றிய காலின்மேல் உடலைத் திருகுதல் அவர்களுக்கு ஆகாது.

தேர்ந்தவர்கள் ஓடிவந்து எறிவதுபோல் தோன்றும் காலடி முறை ஒன்றுண்டு. வலக்கால் ஓர் அடி. அடுத்து இடக்கால் வலக்காலின் பின்புறமாகக் குறுக்கே சென்று ஊன்றும். பின்னர் வலக்கால் முன்னே நீண்டு ஊன்ற, தட்டு புறப்படும். கால்கள் பின்னிக்கொள்ளும் அக்கணத்தில் உடலைத் தாங்கும் அடித்தளம் மிகக் குறுகியது. நடையில் தடுமாற்றம் உள்ள எவருக்கும் இதை நாங்கள் கற்பிப்பதில்லை. தோள் சிகிச்சை முடிந்து களத்துக்குத் திரும்பும் இளைஞர்களுக்கு மட்டும் கற்பிக்கிறோம். அவர்களுக்கும் முதல் வாரம் முழுவதும் தட்டில்லாமல், நடக்கும் வேகத்தில்தான். காணொளி பார்த்து வீட்டு முற்றத்தில் முயன்று, கணுக்காலைப் பிசகிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொடங்கலாம். கைப்பிடியுள்ள, உருளாத நாற்காலி; இரு பாதங்களும் தரையில்; ஏறத்தாழ பத்தடி தொலைவில் ஒரு துணிக்கூடை. அமர்ந்தபடியே எடையை இடப்புட்டத்திலிருந்து வலப்புட்டத்துக்கு மாற்றி எறிவதும் பயிற்சியே. இது தேறிய பிறகு, பின்னால் சுவரும் பக்கத்தில் நாற்காலியும் இருக்க, நின்று எறியலாம். எத்தனை முறை என்பதை உங்கள் இயன்முறை மருத்துவர் முடிவு செய்வார். களைப்பினால் கால் அசைவது நின்று, கை மட்டும் எறியத் தொடங்கிவிட்டால், எண்ணிக்கை மிச்சமிருந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

சிலருக்கு இப்பயிற்சி இப்போது கூடாது. திறந்த இதய அறுவையின் பின் மார்பெலும்பு கூடும்வரை, இதயமுடுக்கி பொருத்திய தொடக்க வாரங்களில், தோள் நழுவியவர்களுக்கு, எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு, தலைசுற்றல் தீராதவர்களுக்கு, மருத்துவரின் சொல் இன்றி இதனைத் தொடங்கலாகாது. நீரிழிவினால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நிற்க வேண்டா. பயிற்சி முடிந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கொப்புளம் எழுந்தது அவர்களுக்குத் தெரியாது. நம் பகுதியின் சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியில் எதுவும் வேண்டா. மார்புவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே நிறுத்தி, 108ஐ அழையுங்கள்.

பேணுவோருக்குச் சில சொற்கள். நோயாளியின் வலுவிழந்த பக்கத்தில், அரையடி பின்னால் நில்லுங்கள். தடுமாறினால் இடுப்புப் பட்டையைப் பிடியுங்கள். வலுவிழந்த கையைப் பற்றி இழுக்காதீர்கள். பக்கவாதம் கண்ட தோள் அந்த ஓர் இழுப்பில் மூட்டிலிருந்து நழுவிவிடக்கூடும். விழுந்த தட்டை எடுத்துவருவது உங்கள் வேலை. குனிந்து நிமிர்வதில் நோயாளிக்குத் தலை சுற்றலாம். “கையை வேகமாக வீசுங்கள்” என்று ஊக்குவிப்பதைத் தவிர்த்து, “பின்கால் எங்கே?” என்று மட்டும் கேளுங்கள்.

பேணுவோரின் உழைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஹரியானாவைச் சேர்ந்த யோகேஷ் கதூனியாவின் வாழ்க்கையைச் சொல்லலாம். ஒன்பது வயதில் அவருக்குக் கீயான்-பாரே நோய் வந்து கைகால்கள் செயலிழந்தன. அவருடைய தாய் மீனா தேவி இயன்முறைப் பயிற்சிகளைத் தாமே கற்றுக்கொண்டு மகனுக்கு நாள்தோறும் செய்வித்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் சிறுவன் மீண்டும் நடந்தான். பின்னாளில் அவர் வட்டு எறியும் வீரரானார். டோக்கியோ பாராலிம்பிக்கில் 44.38 மீட்டரும், 2024இல் பாரிஸில் 42.22 மீட்டரும் எறிந்து இருமுறை வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருடைய வட்டு வேறு, வீச்சும் வேறு. அவர் எறிவது அமர்ந்த நிலையில். எனினும் அந்தத் தாய் செய்த வேலை, இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் பலர் ஒவ்வொரு நாளும் வீட்டில் செய்கின்ற வேலைதான். எல்லா நோயாளிகளுக்கும் அதே விளைவு கிட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நரம்பின் சேதம் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

மணவூர் முதியவர் இப்போது பத்தடிக் கூடையில் பத்துக்கு ஆறு தட்டுகளை விழச் செய்கிறார். இடக்குதிகால் தரையில் பதிகிறது. பேரனுக்கும் அவருக்கும் புள்ளிக் கணக்கில் தகராறு நடப்பதாகக் கேள்வி. 365 படிகளுக்கு நாங்கள் இன்னும் இசையவில்லை. வாகனச் சாலை வழியாக மேலே சென்று, கோயிலருகே உள்ள சில படிகளை மட்டும் கைப்பிடியைப் பற்றி ஏறிப் பார்க்கலாம் என்று கூறியிருக்கிறோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுவிழந்த கால் முதலில். ஏறியதைவிட இறங்குவதற்கு இருமடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுமாறு பேரனிடமும் சொல்லி அனுப்பியுள்ளோம்.